ஆறு மாதம் ஊரில் இல்லாதவன்

1

போன ஆவணியில் நான் கோலாலம்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள் முடிந்தன. வருடா வருடம் அந்த நாளில் பிரிக்ஃபீல்ட்ஸில் கோயிலுக்குப் போவோம். பிறகு வாழை இலைச் சாப்பாடு. மனைவி லீலா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நான் வந்த நாளை என்னைவிட அவள்தான் ஞாபகம் வைத்திருப்பாள். அன்றைக்கும் இலையில் சோறு விழுந்துவிட்டது. அப்போது கைபேசியில் என் தம்பி கருப்பையாவிடமிருந்து ஒரு படம் வந்தது.

புதிதாகப் போட்ட முள்கம்பி வேலி. அதில் ஒரு மஞ்சள் பலகை. 'மேய்ச்சல் நில மீட்புப் பகுதி. பதிவு பெற்ற கால்நடை வளர்ப்போர் தவிர மற்றவர்கள் மேய்க்கத் தடை' என்று எழுதியிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் செம்மறிகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பக்கம் இருப்பது எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு. படத்துக்குக் கீழே தம்பி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தான். 'ஊருக்கு வந்துட்டோம்ணே.'

ரசம் வேண்டுமா என்று கேட்ட லீலாவிடம் எரிந்து விழுந்தேன்; எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. படத்தைக் காட்டினேன். என் மகள் ஷாலினி எட்டிப் பார்த்துவிட்டு, "இது சித்தப்பாவோட ஷீப்தானே? ஏன் வெளிய நிக்குது?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அடுத்த ஐந்து மாதம் என் மண்டை காய்ந்தது. ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு இந்தக் கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊரை நினைத்து உருகுகிற ஆள் இல்லை. மதுரைக்குக் கிழக்கே போகப் போக, பச்சை என்பது சீமைக்கருவேலம் மட்டும்தான் என்று ஆகிவிடுகிற பக்கம் எங்கள் ஊர். அங்கே வெயிலும் தூசியும் தண்ணீர்க் குடமும்தான் என் இளமை. கிளம்பிய அன்று நான் அழவில்லை. விட்டது தொல்லை என்றுதான் விமானம் ஏறினேன்.

ஆனால் ஆட்டை விட்டு ஓடிவந்தவன் மாட்டிடம் மாட்டிக்கொண்டேன். கிள்ளானில் ஒரு தீவனக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. பாமாயில் கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற பிண்ணாக்கை லோரியில் ஏற்றி, கோலலங்காட் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் கடை வியாபாரம். செவ்வாய்க்கிழமை ஜெஞ்சாரோம் ஓட்டம். லோரியில் டிரைவரோடு நானும் போவேன்.

ஜெஞ்சாரோமில் முனியாண்டி அண்ணன் இருக்கிறார். பாமாயில் தருகிற செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் கொட்டகை. முப்பது நாற்பது மாடுகள். செம்பனை மரங்களுக்கு நடுவே மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் தாமே திரும்பி வந்துவிடும். தோட்டத்துக்காரர்களும் கண்டுகொள்வதில்லை, மாடு புல்லைத் தின்றால் மருந்து அடிக்கிற செலவு அவர்களுக்கு மிச்சம்தான். முனியாண்டி அண்ணன் பிறந்ததும் இந்த மண்ணில்தான்; அவர் அப்பா பிறந்ததும் இங்கேதான்.

வேலிப் படத்தை அவரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பில்லை.

"உங்க ஊர்லயும் இதே கதைதானா தம்பி? நானும் போய்க் கேட்டேன்லா. மாட்டுக்கு ஹெல்ப் பண்றோம், கொட்டகை கட்டித் தரோம், தீவனத்துக்கு உதவி உண்டுன்னு பேப்பர்ல போட்டாங்க. ஆபீஸ்ல போய் நின்னா, தானா யாரு பேருல, கெரான் கொண்டான்னு கேக்கறான். தானா எஸ்டேட்காரன்து, மாடு என்னுது. மாட்டுக்கு ஏது கெரான்?"

தானா என்றால் நிலம், கெரான் என்றால் நிலப் பட்டா. எந்த நாட்டு அலுவலகத்துக்குப் போனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நிலம்தான் தெரிகிறது. அதன்மேல் நடந்து போகிற உயிர் தெரிவதில்லை.

3

திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். தாளில் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வறண்ட பகுதிகளில் மேய்ச்சல் நிலம் பாழாகிவிட்டது. அதை மீட்க வேண்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, புல் விதைத்து, நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி ஓய்வு கொடுப்பது. ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு அட்டை உண்டு. அட்டை வைத்திருப்பவரின் கால்நடை திறந்திருக்கிற துண்டில் மேயலாம். தண்ணீர்த் தொட்டி, கோடையில் தீவனம், நோய்க்கு ஊசி எல்லாம் அரசாங்கச் செலவு. இதைக் கேள்விப்பட்டபோது தம்பியைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். முந்தின வருடமே அவனுக்காக நான்தான் விண்ணப்பம் போட்டேன்.

இணையத்தில் போட வேண்டியிருந்ததால் ஷாலினியை உட்கார வைத்தேன். அவளுக்குப் பதினேழு வயது. வாய் திறந்தால் பாதி ஆங்கிலம், கால்வாசி மலாய், மிச்சம் இருந்தால் தமிழ். திரையில் இருந்த அரசாங்கத் தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் விண்ணப்பதாரர் ஆறு மாதங்களுக்கு மேல் ஊரில் இல்லாமல் இருந்தாரா' என்று ஒரு கேள்வி. "சித்தப்பா ஊருல இல்லாம எங்க போவாங்க?" என்று கேட்டாள்.

அவளுக்கு அன்றைக்குத்தான் கிடை என்றால் என்னவென்று சொன்னேன். சொல்லாமலே பதினேழு வருடம் போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. தை மாதம் காவிரிப் பாசனப் பக்கம் அறுவடை முடியும். எங்கள் பக்கம் புல் கருகத் தொடங்கும். உடனே நாலைந்து குடும்பத்து ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து வடக்கே ஓட்டிக்கொண்டு போவார்கள். அறுத்த வயலில் பகலில் மேய விட்டு, இரவில் பட்டி போட்டு அடைப்பார்கள். அப்படி அடைகிற மந்தைக்குத்தான் கிடை என்று பேர். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். வயல்காரருக்கு உரம் கிடைக்கும், ஆட்டுக்கு வயிறு நிறையும். ஆடியில் அங்கே நாற்று வேலை தொடங்கும்போது திரும்பி நடக்க ஆரம்பித்து, ஆவணியில் ஊர் சேர்வார்கள். மழையும் அதன் பின்னால் வரும். புறம்போக்கில் புல் அப்போது தலையெடுக்கும்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "அப்ப ஆறு மாசத்துக்கு மேல ஊருல இல்லதானே பா? என்னா டிக் பண்றது?"

உள்ளதைப் போடு என்றேன். ஏதோ நேர்மைக்கு மெடல் கொடுக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு எனக்கு. அவள் 'ஆம்' என்ற கட்டத்தில் அமுக்கினாள்.

4

வேலிப் படம் வந்த மறுநாளே திட்ட அலுவலகத்துக்குப் போன் போட ஆரம்பித்தேன். இங்கிருந்து அழைத்தால் நம் ஊர் அலுவலக நேரம் இரண்டரை மணி பின்தங்கி ஓடும். கிடங்கில் மத்தியானச் சரக்கு வந்து இறங்குகிற நேரத்தில்தான் அங்கே நாற்காலிக்கு ஆள் வரும். பிண்ணாக்குத் தூசிக்கு நடுவே ஒரு காதில் போன், இன்னொரு காதில் லோரிச் சத்தம். முதல் வாரம் யாரும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் எடுத்தவர் வேறு பிரிவு என்றார். வேறு பிரிவில் எடுத்தவர் விண்ணப்ப எண் கேட்டார். எண்ணைச் சொன்னதும் தொடர்பு அறுந்தது. இப்படியே புரட்டாசி பிறந்துவிட்டது.

அதற்குள் தம்பி ஆடுகளை நெடுஞ்சாலை ஓரத்தில் மேய்த்துக்கொண்டிருந்தான். வேறு எங்கே போவான்? சாலை ஓரத்துப் புழுதியில் இருக்கிற நாலு செடியும் அவன் ஆட்டுக்கு மட்டுமா? ஒரு நாள் காலை, செங்கல் ஏற்றி வந்த லாரி இரண்டு தாயாடுகளை அடித்துவிட்டுப் போனது. இரண்டும் சினை. அதை அவன் அழுதுகொண்டு சொல்லவில்லை. வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே சொன்னான்.

கடைசியில் ஓர் இளைஞர் போனை எடுத்தார். மரியாதையான பிள்ளைதான், அவரை நான் திட்டவில்லை. கணினியில் பார்த்துச் சொன்னார்.

"சார், கருப்பையாங்கிற பேருல வந்த மனு தள்ளுபடி ஆயிருக்கு. ஆறு மாசத்துக்கு மேல ஊருல இல்ல. சித்திரையில ஆய்வுக்குப் போனப்ப ஆளும் இல்ல, ஆடும் இல்ல."

சித்திரையில் ஆடு எப்படி இருக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அந்த நிலத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றுதானே திட்டமே? எங்கள் ஆட்கள் அதைத்தானே தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள்? ஒரு ஆடுகூட அந்தப் புல்லைக் கடிக்காமல் ஆறு மாதம் விட்டுவிட்டு, கால் தேய வடக்கே நடந்து போகிறவன் ஓய்வு கொடுக்கிறானா, இல்லை வருடம் முழுக்க வீட்டு வாசலில் இரண்டு பசுவைக் கட்டி வைத்துவிட்டு அதே புறம்போக்கில் அவிழ்த்து விடுகிறவன் ஓய்வு கொடுக்கிறானா? எவன் நிலத்தைக் காப்பாற்றினானோ அவனை ஊரில் இல்லாதவன் என்று தள்ளிவிட்டு, அந்த நிலத்தைக் காப்பாற்ற வேலி போட்டிருக்கிறீர்களே, இது என்ன நியாயம்?

அந்தப் பிள்ளை நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஆறுதல் சொல்கிற குரலில், "உங்க குடும்பத்துக்கு அட்டை கிடைக்காம இல்ல சார்" என்றார். "அதே கதவு எண்ல இன்னொருத்தருக்கு ஓகே ஆயிருக்கு. வீடு, ஆட்டுக் கொட்டில், பட்டா எல்லாம் அவர் பேருல. ரேஷன் கார்டுலயும் இருக்கார். கார்த்திகைக் கணக்கெடுப்புல கிடையும் அவர் பேருலதான் பதிவாகியிருக்கு. எல்லாம் பொருந்துது, அதனால மனு இல்லாமலே அட்டை போட்டுட்டாங்க." பெயரைப் படித்தார்.

அது என் பெயர்.

5

என் சட்டைப் பையில் சிவப்பு அடையாள அட்டை இருக்கிறது. மலேசிய அரசாங்கம் எனக்குக் கொடுத்தது. நிரந்தரக் குடியிருப்பாளர் என்று அர்த்தம். அதை வாங்க நான் எத்தனை வருடம் எத்தனை வரிசையில் நின்றேன் என்று லீலாவைக் கேட்டால் தெரியும். இப்போது ஊரிலும் ஒரு அரசாங்கம் என்னை நிரந்தரமாக அங்கே குடியிருந்து ஆடு வளர்க்கிறவன் என்று பதிந்து வைத்திருக்கிறது. கடல் தாண்டி வந்து இருபத்திரண்டு வருடம் ஆனவன் ஊரில் இருக்கிறான். ஆட்டோடு பத்து நாள் நடை தூரம் போய்விட்டு வருகிறவன் ஊரில் இல்லை. இதை நினைத்தால் சிரிப்பதா, சட்டையைக் கிழித்துக்கொள்வதா?

பட்டா என் பெயரில் இருப்பது சரிதான். என் சம்பளத்தில் வாங்கிய மனை அது. ரேஷன் கார்டில் என் பெயர் இருப்பது யாரும் எடுக்காததால். கிடை எப்படி என் பெயருக்குப் போனது? யாரோ அலுவலர் சோம்பேறித்தனமாக எழுதிவிட்டார் என்று நினைத்துத் தம்பியிடம் போனில் குதித்தேன்.

"நாந்தேன் சொன்னேண்ணே. கார்த்திகையில கணக்கெடுக்க வந்தாக. இது யாரு கிடைன்னு கேட்டாக. உன் பேரச் சொன்னேன்."

"ஏன்டா?"

"மூத்தவன் பேரத்தானண்ணே சொல்லணும். அய்யா செத்ததுலருந்து அப்படித்தான சொல்லுறேன். வடக்க வயக்காரவுக கேட்டாலும் உன் கிடைன்னுதேன் சொல்லுவேன்."

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. கிடைக்கு மூத்தவர் பெயர். மூத்தவன் கிடையில் இருக்கிறானா, கிள்ளானில் பிண்ணாக்கு எடை போடுகிறானா என்பது பேச்சே இல்லை. என் பங்கு ஆடுகளைப் பெருக்கி வந்ததும் அவன்தான். எங்கள் ஆடுகளுக்குக் காதில் அடையாள வெட்டு உண்டு. எனக்கு வலது காதில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அவனுக்கு இடது காது நுனி. நான் கிளம்பும்போது என் பங்கு பன்னிரண்டு ஆடுகள். அவற்றின் குட்டி, குட்டியின் குட்டி என்று ஒவ்வொன்றுக்கும் இன்றுவரை வலது காதில் பிறை வெட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு தடவை நான் கேலியாக, இனிமேல் எல்லாம் உன் வெட்டே போடு என்று சொன்னேன். அவன் காதிலேயே வாங்கவில்லை.

ஆக, எழுதியவர் மேல் குற்றமில்லை. தம்பி சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார். மரியாதையாகச் சொன்ன ஒரு வார்த்தையை எடுத்து, அதைச் சொன்னவனையே வேலிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இதில் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அன்றைக்குக் கிடங்கில் எல்லோர் மேலும் கோபப்பட்டேன்.

6

அலுவலகத்தில் ஒரு வழி சொன்னார்கள். மறுபடி அந்த மரியாதையான பிள்ளைதான். அட்டை உங்கள் பெயரில் இருக்கட்டும். நீங்கள் நேரில் மேய்க்க முடியாது என்றால் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், விதியில் இடம் உண்டு. 'இன்னார் என் கூலி மேய்ப்பாளர்' என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மறுநாளே வேலி திறக்கும். தம்பி மேய்க்கலாம், தொட்டித் தண்ணீர் காட்டலாம், தீவனம் வாங்கலாம். உங்கள் ஆளாக.

தம்பி இதைக் கேட்டதும் நிம்மதியாகிவிட்டான். எழுதிக் கொடுண்ணே, அதுக்கென்ன என்றான். ஆட்டுக்கு வயிறு நிறைந்தால் சரி, தாளில் கூலி என்றிருந்தால் என்ன, குமாஸ்தா என்றிருந்தால் என்ன என்று கேட்டான். லீலாவும் ஷாலினியும்கூட அதையே சொன்னார்கள். ஷாலினி கடிதத்தை டைப் பண்ணியே கொடுத்துவிட்டாள். தமிழில் கூலி என்ற சொல்லை அவள் அடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை ஜெஞ்சாரோம் போனேன். கையெழுத்துப் போட மனது வரவில்லை; போடாமல் இருக்கவும் வழி தெரியவில்லை. மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது, வேலி விஷயம் என்ன ஆனது என்று முனியாண்டி அண்ணன் கேட்டார். சொன்னேன். அவர் தாளை வாங்கிக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் படித்தார். அவரும் எழுதிக் கொடு என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எங்க தாத்தா பேரு எஸ்டேட் புக்குல கூலின்னுதான் இருக்கு தம்பி. அவரு செத்துட்டாரு. அந்த எஸ்டேட்டும் போச்சு, இப்ப அங்க டாமான் கட்டிட்டாங்க. நான் கெரான் கேட்டுப் போனப்ப பழைய ரெக்கார்ட பாக்கறேன்னு சொல்லி அத எடுத்துக் காட்டுறான். உங்க ஃபேமிலி இங்க கூலிக்குத்தான் இருந்தாங்க, தானா பாத்தியம் கிடையாதுன்றான். இன்னும் அழியலலா அது."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

டாமான் என்று இங்கே வீட்டுமனைக் குடியிருப்பைச் சொல்வார்கள். ரவாங்கிலும் சுங்கை பூலோவிலும் எத்தனையோ டாமானைப் பார்த்திருக்கிறேன். எந்த வீட்டுக்கு அடியில் யாருடைய பதிவேடு கிடக்கிறது என்று நான் யோசித்ததில்லை. அன்றைக்குத் திரும்பும் வழியில் லோரியில் அந்தத் தாளை மறுபடி பிரித்துப் படித்தேன். இன்றைக்குத் தம்பியைக் கூலி என்று எழுதினால் நாளைக்கு ஆடு நன்றாக இருக்கும். நான் செத்த பிறகு அவன் பிள்ளை போய் அட்டை கேட்பான். அப்போது ஒரு மரியாதையான பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, உங்க அப்பா அங்க கூலிதானே சார் என்று சொல்வார். என் கையெழுத்தைக் காட்டுவார்.

இன்னொரு வழியும் இருந்தது. ஒரே வரியில் முடிகிற வழி. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவும் இத்தனை நாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

7

உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ரேஷன் கார்டில் என் பெயரை எடுக்கச் சொல்லித் தம்பி மனைவி இரண்டு தடவை கேட்டாள். பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தேன். கடவுச்சீட்டில் இன்றைக்கும் ஊர் விலாசம்தான். தேர்தல் நேரத்தில் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். இருக்கிறது என்றால் ஓர் அல்ப சந்தோஷம். ஊரை நினைத்து உருக மாட்டேன் என்று மேலே வீறாப்பாக எழுதினேன் அல்லவா? உருகத் தேவையே இருக்கவில்லை. என் பெயர் அங்கே ஒரு இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த இடம் தம்பியுடையது. அரசாங்கத்தின்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி என் பக்கமே திரும்ப வேண்டியது.

ஷாலினி அடித்த கடிதத்தைக் கிழித்துவிட்டு, கையாலேயே எழுதினேன். 'நான் இந்த ஊரில் குடியிருக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக மலேசியாவில் நிரந்தரமாக வசிக்கிறேன். எனக்கு ஆடுகள் இல்லை. என் பெயரில் பதிவான ஆடுகள் அனைத்தும் என் தம்பி கருப்பையாவுக்குச் சொந்தமானவை. ஆட்டுக் கொட்டில் இருக்கும் மனையை அவர் பெயருக்கு மாற்ற எனக்குச் சம்மதம்.' ஐந்தே வாக்கியம். முதல் வாக்கியத்துக்குத்தான் ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடிப்படி ஏறினால் சத்தியப் பிரமாணத்துக்கு முத்திரை வைக்கிற அதிகாரி இருக்கிறார். வெள்ளைச் சட்டை போட்ட மலாய்க்காரப் பெரியவர். தமிழ் தெரியாது. ஷாலினி பக்கத்தில் நின்று மலாயில் மொழிபெயர்த்தாள். இவர் அந்த ஊரில் வசிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார் என்று சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியவர் முத்திரையைக் குத்திவிட்டு, ஊரில் ஏதாவது வழக்கா என்று என்னிடம் கேட்டார். இல்லை, ஆடு என்றேன். அவருக்குப் புரியவில்லை.

படி இறங்கும்போது ஷாலினி கேட்டாள். "இனிமே உங்க ஊரு எதுன்னு கேட்டா நான் என்னா சொல்லணும் பா?"

காப்பி குடிக்கலாம் வா என்று கூட்டிக்கொண்டு போனேன்.

தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் சரி என்று சொல்லிப் போனை வைத்தான். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவனிடமிருந்து போன் வரவில்லை. வலித்திருக்கிறது, எனக்குத் தெரியாதா?

8

பதில் மார்கழியில் வந்தது. தங்கள் கடிதம் ஏற்கப்பட்டது. தங்கள் அட்டை ரத்து செய்யப்பட்டது. திரு. கருப்பையாவின் மனு புதிய மனுவாக எடுத்துக்கொள்ளப்படும். நேரடி ஆய்வின்போது கால்நடைகளைக் காட்ட வேண்டும். ஆய்வு பங்குனி மாதம் நடைபெறும்.

பங்குனி மாதம்! ஆடு தையில் வடக்கே கிளம்பிவிடும் என்று எத்தனை தடவை போனில் கத்தினேன். எத்தனை பேரிடம் சொன்னேன். கிடை எந்த ஊரில், யார் வயலில் கிடக்கும் என்றுகூட எழுதி அனுப்பினேன். மூன்று மணி நேர ஜீப் பயணத்தில் போய்ப் பார்த்துவிடலாம். நிலத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்களுக்கு அந்த நிலத்தில் ஆடு என்றைக்கு இருக்கும், என்றைக்கு இருக்காது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமில்லை. என்ன அலட்சியம் இது! மழை எப்போது பெய்யும் என்று தெரியாமல் தண்ணீர்த் தொட்டி கட்டுவார்களா இவர்கள்?

பொறுக்க முடியாமல் தம்பிக்கு நானே போன் போட்டேன். இந்த வருடம் வடக்கே போகாதே, இங்கேயே எப்படியாவது பங்குனிவரை வைத்திரு என்றேன். அவன் நிதானமாக, வைத்திருந்தால் ஆடு செத்துப்போகும் என்றான். பிறகு சொன்னான்.

"நீ வாண்ணே. உன் காது வெட்டு போட்ட குட்டி ஒரு பத்து, வீட்டுலயே விட்டுட்டுப் போறேன். இவ தழை ஒடிச்சுப் போட்டுப் பாத்துக்குருவா. வாரவுகளுக்கு அதக் காட்டு. மத்தத வடக்க கூட்டிட்டு வந்து காட்டு."

அவன் 'இவ' என்றது அவன் மனைவியை.

"அதெல்லாம் உன் ஆடுன்னு எழுதிக் கொடுத்துட்டேனேடா" என்றேன்.

"நீ தாள்ல எழுதுன. நான் காதுல வெட்டியிருக்கேன். இந்தக் கார்த்திகையில போட்ட குட்டிக்கும் வெட்டிட்டேன்."

போனை வைத்துவிட்டு, கிடங்குச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் பங்குனியைத் தேடினேன்.

மறுநாள் முதலாளியிடம் பங்குனிக்கு மூன்று வாரம் விடுமுறை கேட்டேன். அவர் சீனர், நல்ல மனிதர். விடுமுறைத் தாளை நீட்டினார். அதில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. இங்கே எல்லோரும் அதில் எழுதுவது ஒன்றுதான்: பாலேக் கம்போங். சொந்த ஊர் திரும்புகிறேன் என்று பொருள். இருபத்திரண்டு வருடமாக நானும் அதைத்தான் எழுதி வந்தேன்.

சத்தியம் செய்து கொடுத்த கடிதத்தின் நகல் இன்னும் என் பையில் இருந்தது. அந்தக் கடிதத்தை எழுதிய அதே பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில் அதே இரண்டு வார்த்தையை எழுதிக் கொடுத்தேன்.